புதுப்பிப்பு: எங்கள் தெரு வணிகப் பகுதி ஆகுமா?

போன மாதம் எழுதியிருந்தேன்: சென்னையில் எங்கள் தெருக்கோடியில் உள்ள காலி மனையைக் குடியிருப்பிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றப் போவதாக நாளிதழில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அறிவிப்பு, ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரவேண்டுமாம்.

சரி, கொடுத்துவிட்டோம். 64 மனுக்கள். முதலில் ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லோரும் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தது. மாடி வீட்டுத் தாத்தா, ஓய்வுபெற்ற சர்வேயர், விடவில்லை. "புலம்பாதீங்கப்பா, அளந்து எழுதுங்க" என்றார். டேப் பிடித்தோம். மின்கம்பத்தருகே தெரு 17 அடிதான். மனையை வணிகப் பகுதியாக மாற்றக் கேட்ட விண்ணப்பத்தில் 30 அடி! இதற்குமேல் என்ன வேண்டும்? சென்னையில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும், 2008இல் ஒப்புதலான இரண்டாம் முழுமைத் திட்டத்தில் எங்கள் பகுதி குடியிருப்புதான் என்பதையும் சேர்த்தோம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு திட்டத்தை மாற்ற இடம் தருகிறது என்பதும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரை குத்திய நகலை வாங்கி வைத்திருக்கிறோம்.

அப்புறம், வியாழக்கிழமை அதிகாரி நேரில் பார்க்க வருகிறாராம். அன்று யாரும் தெருவிலிருந்து வண்டியை எடுக்க வேண்டாம் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்லியாயிற்று. அவருடைய ஜீப் எப்படி உள்ளே வருகிறது என்று பார்க்கலாம்.