முழுநேர ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு: சாட்சி வேண்டாம், நடைமுறை சொல்லுங்கள்

ஞாயிறு மணி:

சபை ஊழியத்துக்குக் கர்த்தர் அழைக்கிற அழைப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கச் சென்னையில் பஞ்சமே இல்லை. ஊழியக்காரன் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரத்தான் ஆள் குறைவு. ஊழியர்களோடு பழகியவர்கள் இங்கே நிறையப்பேர் இருக்கிறீர்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், எதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், பெயரும் வேண்டாம். விஷயம் மட்டும் போதும்.

கணக்குப்பிள்ளை:

ஸ்தோத்திரம். முதலில் அழைப்பு.

பைபிளில் 1 தீமோத்தேயு 3-இல் கண்காணிக்குரிய, அதாவது சபையை நடத்துகிறவருக்குரிய, தகுதிகளை எண்ணிப் பாருங்கள். திறமை என்று சொல்லத்தக்கது 'போதகசமர்த்தன்', அதாவது போதிக்கத் தெரிந்தவன், ஒன்றுதான். மிச்சமெல்லாம் குணம்: அடிக்கிறவனாய் இருக்கக்கூடாது, பண ஆசை கூடாது, சொந்த வீட்டை நன்றாய் நடத்த வேண்டும், நூதன சீஷனாய் (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாய்) இருக்கக்கூடாது. நம் ஊரிலோ குரல் நன்றாக இருந்தால் ஆறு மாதத்தில் மைக்கைக் கொடுத்துவிடுகிறோம்.

சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது அவன் மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். அது யாருடைய சத்தம் என்று கண்டுபிடித்தவர் ஏலி. அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் தாங்களாகப் புறப்படவில்லை, சபை உபவாசித்து, கைவைத்து அனுப்பியது. ஆகவே 'எனக்குத் தரிசனம் கிடைத்தது' என்று ஒருவர் வந்தால் மறுக்கவும் வேண்டாம், உடனே மாலை போடவும் வேண்டாம். இரண்டு வருஷம் கூடவே வைத்துப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பைக் கொடுங்கள். ஆராதனை முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர் என்றால் முந்தின சபையின் கடிதத்தோடு நிறுத்தாமல், அந்தப் போதகருக்கே போன் செய்து கேளுங்கள். கடன் பாக்கி எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். மனைவியைத் தனியாகக் கேளுங்கள், கணவர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் 'தேவ சித்தம்' என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது வேலையை விடுவது. சென்னையில் இது கெட்டுப்போகும் வழி கிட்டத்தட்ட ஒன்றேதான். உற்சாகத்தில் ராஜினாமா கடிதம் போகும். பி.எஃப். பணம் வரும். ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பிடிப்பார்கள். மாதம் 20,000 வாடகை என்று வையுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இங்கே பழைய வழக்கம், ஆக 2 லட்சம் அங்கேயே முடிந்தது. மிக்சர், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் தவணையில் வரும். ஞாயிறு வருவது பன்னிரண்டு குடும்பம், அதில் பாதிப்பேர் தினக்கூலி. நாலாவது மாதத்தில் பிரசங்கம் தானாகவே காணிக்கையைப் பற்றித் திரும்பும். ஆறாவது மாதத்தில் பணமுள்ள ஒரு குடும்பம் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தப்பைப் பற்றி மேடையில் பேச வாய் வராது. இது சாத்தானின் சோதனை என்று ஜெபக்குறிப்பு போடுவார்கள். எனக்குத் தெரிந்த வரையில் அது வாடகை.

ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடு கூடாரம் பண்ணிக்கொண்டேதான் இருந்தார். ஒன்றரை வருஷம் அந்த ஊரில் தங்கியிருக்கிறார். அதனால் ஊழியம் குறைந்துவிடவில்லை.

வார்டு எண் 7:

ஆஸ்பத்திரி ஜெபத்தைப் பற்றி எழுதுகிறேன். சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் கே.எம்.சி. எதுவானாலும் பொதுவார்டில் இவ்வளவு பழகியிருந்தால் போதும்.

பார்வையாளர் நேரத்தில் மட்டும் போங்கள். 'பாஸ்டர்' என்று சொல்லி வாட்ச்மேனிடம் சலுகை கேட்காதீர்கள். கையைக் கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். டிரிப் ஸ்டாண்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், தலைமாட்டருகே நில்லுங்கள். 'ஜெபிக்கலாமா?' என்று நோயாளியிடம் கேளுங்கள், கூட இருப்பவரிடம் அல்ல. யாக்கோபு 5:14-ஐ எல்லோரும் சொல்கிறோம், அதில் மூப்பர்களை வரவழைக்கிறவன் வியாதிக்காரன்தான் என்பது மறந்துபோகிறது. ஒரு சங்கீதத்தில் நாலு வசனம், இரண்டு நிமிட ஜெபம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாமல் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது.

எண்ணெய் பூசுவது: ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் முகத்தருகே எண்ணெய் கொண்டுபோகவே கூடாது. ஆக்சிஜனோடு எண்ணெய்ப்பசை சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தீக்காய வார்டிலும் ஐசியுவிலும் பாட்டிலைப் பையிலேயே வையுங்கள்.

திருவிருந்து: மறுநாள் ஆபரேஷன் என்றால் 'வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்காமல் அப்பத்தை நீட்டாதீர்கள். 'கர்த்தருடைய பந்திதானே' என்று கொடுத்துவிடுவார்கள். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தடை. அப்பம் சின்னதா பெரியதா என்று மயக்கமருந்து பார்க்காது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாலும் போடுவார்கள்.

மருந்து விஷயத்தில்தான் பெரிய பாவம் நடக்கிறது. டிபி-க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். சில வாரத்திலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், முகம் தெளியும். அந்த நேரம் பார்த்து 'சுகமாயிற்று, விசுவாசித்து மாத்திரையை விடு' என்று ஒருவர் சொன்னால், மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரும். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டும். சர்க்கரை நோயாளிகளை உபவாச ஜெபத்துக்கு உட்கார வைப்பதும் இதே ரகம். இன்சுலின் போடுகிறவர் சாப்பிடாமல் இருந்தால் மயங்கி விழுவார், அதை அபிஷேகம் என்று நினைத்துவிடுகிறவர்களும் உண்டு.

காசிமேடு கரை:

வீடு சந்திப்புக்கு நேரம் பார்க்கத் தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

வடசென்னையில் லாரித் தண்ணி வர்ற நேரத்தில் பைபிளோடு போய் நிக்காதீங்க. வரிசையில் குடம் இருக்கும், வீட்டம்மா ஒரு கால் வாசலில், ஒரு கால் தெருவில் இருப்பாங்க. நீங்க 'கண்களை மூடுவோம்' என்பீங்க, அவங்க கண் குடத்தில்தான் இருக்கும். அன்னைக்குச் செய்ய வேண்டிய ஊழியம் ரெண்டு குடத்தைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் வீட்டுவேலைக்குப் போறவங்க விடியக்காலையில பஸ் ஏறினா சாயங்காலம்தான் திரும்புவாங்க. பகல் பதினொரு மணிக்குப் போய்ட்டு 'கதவே திறக்கமாட்டேங்கிறாங்க, கடின இருதயம்' என்று ரிப்போர்ட் எழுதினால் எப்படி?

மீனவர் தெருவில் இன்னொரு காலண்டர் இருக்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். ஆம்பிளைங்க வீட்டில இருப்பாங்க, உட்கார்ந்து பேசவும் குடும்ப ஜெபம் வைக்கவும் நல்ல நேரம். ஆனா கையில காசு இருக்காது. அந்த ரெண்டு மாசத்துல கட்டட நிதி, விசேஷ காணிக்கைன்னு கவர் கொடுக்கிறவருக்கு அந்தத் தெரு தெரியாதுன்னு அர்த்தம்.

அப்பார்ட்மெண்ட் என்றால் செக்யூரிட்டி நோட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்க. 'கூரியர்' என்று எழுதிட்டு மேலே போய் ஜெபிக்கிறவங்களும் இருக்காங்க.

மேல்வீட்டு அக்கா:

தம்பி கரை சொன்னது சரி. பெண்கள் பக்கத்திலிருந்து சிலது.

வீட்டில் பெண் மட்டும் இருந்தால் உள்ளே போகாதீர்கள். வாசலில் நின்று ஒரு வசனம் சொல்லிவிட்டு 'ஐயா இருக்கும்போது வருகிறோம்' என்று திரும்புங்கள். போக வேண்டிய அவசரம் என்றால் பாஸ்டரம்மாவையோ மூப்பர் வீட்டம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். இரவு பத்து மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் தனி ஆலோசனை கிடையவே கிடையாது. ஒரு வீட்டுக் குறையை அடுத்த வீட்டில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் சொல்கிறவர் ஊழியக்காரர் இல்லை, அவருக்கு நம் தெருவில் வேறு பெயர் உண்டு.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு வகுப்பிலும் எந்நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர். கழிப்பறைக்குப் பிள்ளையைத் தனியாக ஒருவர் கூட்டிப்போகக்கூடாது. ஒரு பிள்ளை தப்பாக எதையாவது சொன்னால் அதைக் கமிட்டியில் வைத்து 'மன்னித்து மறப்போம்' என்று முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது தனிக்குற்றம், 6 மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம். சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கிற இடத்தில்தான் ஊழியரின் குணம் வெளியே தெரியும்.

ஞாயிறு மணி:

கல்யாணம், அடக்கம் பற்றித் தெரிந்தவர்கள்? புதிதாகத் தனிச்சபை நடத்துகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

பழைய செயலர்:

சுருக்கமாக.

1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் திருமணம் செய்துவைக்க முடியாது. ஊழியர் என்றால், ஆயரிடம் (பிஷப்பிடம்) அபிஷேகம் பெற்ற குருவானவராக இருக்க வேண்டும், அல்லது அரசு உரிமம் பெற்ற போதகராக இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் செய்துவைத்தால் 10 வருஷம் வரை சிறை என்று 68-ஆம் பிரிவு சொல்கிறது. பைபிள் காலேஜ் சான்றிதழ் இதற்கு உதவாது. உரிமம் இல்லாதவர் ஜெபிக்கலாம், செய்தி கொடுக்கலாம், உடன்படிக்கையையும் பதிவேட்டையும் உரிமம் உள்ளவரிடம் விட்டுவிட வேண்டும். உரிமம் பெற்ற போதகர் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் செய்துவைக்க வேண்டும், மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு தாமதமானால் கடிகாரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும்.

ஓலை வாசிக்கிற (கல்யாணத்துக்கு முன் ஆராதனையில் அறிவிக்கிற) சபைகளில் பெயர்தான் பிரச்சினை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக நிற்கும். விசா வாங்கப் போகும்போதுதான் தெரியும். முதல் ஓலைக்கு முன்பே இரண்டு பேருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி அந்த எழுத்திலேயே பதிவேட்டில் எழுதுங்கள்.

அடக்கம்: வீட்டுக்குள் போனதும் பாட்டு ஆரம்பிக்காதீர்கள். 'டாக்டர் சர்டிபிகேட் வாங்கியாயிற்றா?' என்று குடும்பத்தில் தெளிவாக இருக்கிற ஒருவரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அது இறப்பின் காரணத்தைச் சொல்லும் சான்று: ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் பார்த்துவந்த டாக்டர் தரும் படிவம் 4ஏ. அது கையில் இல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டிவரும். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இடநெருக்கடி. குடும்பக் கல்லறை இருக்கிறதா, அதன் எண், பழைய ரசீது எங்கே என்று அன்றைக்கே தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பீரோவில் பைபிளுக்குள்தான் மடித்து வைத்திருப்பார்கள். இறப்பைப் பதிய 21 நாள். மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போகும்போது அதை நினைவுபடுத்துகிற ஊழியரை அந்தக் குடும்பம் மறக்காது.

கணக்குப்பிள்ளை:

பணத்தைப் பற்றி நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது.

காணிக்கைப் பையை ஊழியர் தொடவே கூடாது. வெஸ்ட்ரி (ஆலயத்தின் பக்க அறை) மேசையில், கதவைத் திறந்து வைத்து, உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று சீட்டில் எழுதி மூன்று கையெழுத்து. திங்கட்கிழமை முழுத்தொகையும் வங்கிக்கு. ஞாயிறே அதில் கை வைத்து ஆட்டோவுக்கும் டீக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுகிற பழக்கத்தில்தான் கணக்கு முதலில் உடையும். செலவுக்குத் தனியாகச் சில்லறைப் பணம் வைத்து வவுச்சர் போடுங்கள். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகப் பவுலே தனியாகப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார்: ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு.

க்யூஆர் அட்டை விஷயம். பிரசங்கப் பீடத்தில் ஒட்டியிருப்பது யாருடைய கணக்கு என்று ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். ஊழியரின் சொந்தப் பெயர் வந்தால், அவர் யோக்கியராகவே இருந்தாலும், வருமான வரிக்காரர் அதை அவருடைய வருமானமா என்று கேட்பார். டிரஸ்ட் பெயரில் கணக்கு, டிரஸ்ட் பெயரில் க்யூஆர். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு டாலரும் வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். 'அமெரிக்காவில் இருக்கிற அங்கிள் என் அக்கவுண்டில் போட்டார், நான் சபைக்குக் கொடுத்தேன்' என்பது சாட்சிக் கூட்டத்தில் நன்றாக இருக்கும், நோட்டீஸ் வந்தால் நன்றாக இருக்காது.

பெரம்பூர் லோகோ:

ஒன்று விட்டுப்போயிற்று: சத்தம். 'புறம்பானவர்களால் நற்சாட்சி' என்று அதே 1 தீமோத்தேயு 3-இல் இருக்கிறது. புறம்பானவர் என்றால் வேறு யாருமில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்தான்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டர் வரை இன்னும் குறைவு. வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் வைக்கிறவர்கள் பத்து மணிக்கு வெளி ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயும் சப்-ஊஃபரை அணையுங்கள். பேச்சுக்குரலைச் சுவர் ஓரளவு தடுக்கும், பேஸைத் தடுக்காது. அது தரைவழியாகப் பக்கத்து வீட்டுக் கட்டில்வரை போகும். முப்பது பேர் உள்ள ஹாலுக்கு மைக்கே தேவையில்லை. டிரம்ஸ் வாசிக்கிற தம்பியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பத்து மணிக்குமேல் அவருக்குத் தம்புரின்.