மூலிகைப் பகுப்பாய்வில் மேற்படிப்பு: எந்த வழி, எந்த ஆய்வு?

நெல்லை மாணவி கேட்கிறார்:

பெரியவர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துவருகிறேன். அப்பா திருநெல்வேலி டவுனில் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறார். கடைக்கு வரும் சரக்கை முகர்ந்து, கிள்ளி, வாயிலிட்டுச் சுவைத்து, இது நல்லது, இது பழசு என்று அவர் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்ததால், அவர் நாக்கும் மூக்கும் கண்டறிவதை ஆய்வகத்தில் அளந்து நிறுவுவது எப்படி என்று படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

எம்.ஃபார்ம். படிப்பில் ஃபார்மகோக்னசி (இயற்கை மருந்துச் சரக்குகளை இனங்கண்டு ஆராயும் துறை) என்ற பிரிவும், சித்த மருத்துவத்தில் குணபாடம் (மருந்துச் சரக்குகளின் குணங்களைக் கற்கும் பாடம்) என்ற பட்ட மேற்படிப்பும் இருப்பதாக அறிகிறேன். இவற்றில் எதிலாவது எனக்கு இடம் உண்டா, அல்லது தாவரவியலிலேயே முனைவர் பட்டத்துக்குப் போவதுதான் வழியா?

இரண்டாவது, இந்த ஆண்டு நான் செய்ய வேண்டிய ஆய்வேடு. கீழாநெல்லியை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஜி.சி.-எம்.எஸ். கருவிக்கு (ஆவியாக்கிப் பிரித்துச் சேர்மங்களை அடையாளம் காட்டுவது) அனுப்பி, அதன் கணினியிலுள்ள ஒப்பீட்டுத் தொகுப்பான நூலகம் காட்டும் சேர்மங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய மருத்துவக் குணத்தை எழுதலாம் என்று எண்ணியிருக்கிறேன். எனக்கு முன் படித்தவர்கள் பலரும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். இது போதுமா?

ஓய்வுபெற்ற ஃபார்மகோக்னசி ஆசிரியர்:

அன்புள்ள மகளுக்கு,

படிப்பைப் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. எம்.ஃபார்ம். சேர பி.ஃபார்ம். பட்டம் வேண்டும், குணபாடம் உள்ள எம்.டி. சித்தாவுக்கு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவ இளநிலைப் பட்டம் வேண்டும். ஆகவே இரண்டும் உனக்கு இல்லை. ஆனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. தாவரவியல் படித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் உதவித்தொகையுடன் தேறி, மருந்துத் தாவரங்களிலேயே முனைவர் ஆய்வு செய்யலாம். சென்னை அரும்பாக்கத்திலுள்ள சித்த மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் ஃபார்மகோக்னசி, வேதியியல் பிரிவுகள் இருக்கின்றன. செடியைச் சரியாக இனங்காணத் தெரிந்த தாவரவியலாரின் தேவை அத்தகைய இடங்களில் எப்போதும் உண்டு.

ஆய்வேட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நீ எண்ணியிருக்கும் முறையைச் செய்யாதே என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஜி.சி.-எம்.எஸ். கருவி, சூட்டில் சிதையாமல் ஆவியாகக்கூடிய பொருள்களை மட்டுமே பிரித்துக் காட்டும். டானின்களும் கிளைக்கோசைடுகளும் சர்க்கரைகளும் அதன் வாயிலிலேயே கருகி நின்றுவிடும். எஞ்சிக் கடந்துவருபவை பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களும், பச்சையத்திலிருந்து வரும் ஃபைட்டாலும்தான். எந்தச் செடியின் இலையை எடுத்தாலும் ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலம் பட்டியலில் வந்து நிற்பதை, முன்பு எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் புரட்டினால் நீயே காண்பாய். பிளாஸ்டிக் குப்பியிலிருந்து கரைந்துவந்த தாலேட் என்ற பிளாஸ்டிக் சேர்பொருளையும் செடியின் மருந்துப்பொருளாக எழுதிவைத்த கட்டுரைகள் அச்சில் இருக்கின்றன. நூலகம் காட்டுவது ஓர் ஒப்புமையே; தூய மாதிரிப்பொருளை அதே கருவியில் ஓட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வடிவில் வெளிவருவதைக் காட்டாதவரை அது நிறுவப்பட்டதாகாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நீ எடுக்கப்போவது எந்தக் கீழாநெல்லி? நம் ஊர் வயல் வரப்பில் ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் மடராஸ்படென்சிஸ், ஃபில்லாந்தஸ் யூரினேரியா முதலிய இனங்கள் கலந்தே முளைக்கின்றன. கடைச் சரக்கிலும் அவை கலந்து வருவது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான் வகைச் சேர்மங்கள் அமாரஸில் மிகுதி. எல்லா இனத்திலும் அந்த அளவில் இருப்பதில்லை. நாள்பட்ட ஹெப்படைட்டிஸ்-பி தொற்று உடையவர்களுக்கு அமாரஸ் கொடுத்து நல்ல பலன் கண்டதாகச் சென்னையிலிருந்து 1988-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம் என்றாலும், ஒவ்வொரு சோதனையிலும் கொடுக்கப்பட்டது ஒரே தரமுள்ள பொருள்தானா என்ற ஐயம் எழுந்ததையும், அதைத் தீர்க்கப் பகுப்பாய்வு ஒன்றே வழி என்பதையும் நீ மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகையால் முதலில் பூவும் காயும் உள்ள செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியம் (உலர்செடித் தொகுப்பு) தாளில் ஒட்டி, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத் துறையிலோ திருச்சி ராப்பினாட் ஹெர்பேரியத்திலோ சரிபார்த்து எண் பெற்றுக்கொள். அந்த எண் இல்லாத ஆய்வில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைப் பயன்படுத்தினாலும், எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

குணபாடம் படித்த சித்த மருத்துவர், பாளையங்கோட்டை:

தங்கைக்கு வணக்கம். ஐயா சொன்னவற்றோடு முழுதும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். காமாலைக்கு நாங்கள் கீழாநெல்லியைப் பச்சையாக அரைத்துக் கற்கமாகப் பாலிலோ மோரிலோ கொடுக்கிறோம். எந்த நோயாளியும் மெத்தனால் சாற்றைக் குடிப்பதில்லை. மெத்தனால் எதையெதைக் கரைக்கிறதோ அதைத்தான் உங்கள் பட்டியல் காட்டும். தண்ணீரும் மோரும் கரைப்பவை வேறாக இருக்கலாம். மருந்தை மக்கள் உண்ணும் வடிவத்தில் எடுத்துப் பகுத்தால்தான் மருத்துவருக்குப் பயன்படும் விடை கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

குடிநீர்களை எடுத்துக்கொண்டால் வேலை இன்னும் கடினம். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள். நிலவேம்பின் கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டால் நிலவேம்பு இருப்பது தெரியும். மற்ற எட்டும் இருக்கின்றனவா என்பதை அந்த ஓர் எண் சொல்லாது. எச்.பி.டி.எல்.சி. தகட்டில் (மெல்லிய படலத்தில் கரைப்பானை ஏறவிட்டுச் சேர்மங்களைப் பட்டைகளாகப் பிரிப்பது) முழுக் குடிநீரையும், ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகவும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பட்டைகளை ஒப்பிடுவது இதனால்தான் எங்களுக்கு உகந்த முறையாக இருக்கிறது. மருந்துத் தர நூலான இந்திய சித்த ஃபார்மகோப்பியாவின் முதல் பாகத்தில் முதல் தொகுதி 2008-இலும் இரண்டாம் தொகுதி 2011-இலும் வெளிவந்தன. கருவியைத் தொடுவதற்கு முன் அவற்றை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

தூத்துக்குடித் தரக்கட்டுப்பாட்டு வேதியியலார்:

வணக்கம். மூலிகை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முதல் ஆய்வுக்குக் கீழாநெல்லியைவிட நிலாவாரையை எடுத்துக்கொள்ளும்படி சொல்வேன். சென்னா என்று உலகச் சந்தையில் விற்கும் இந்த இலைக்கும் காய்க்கும் நம் ஊர்ப் பெயரே அடைமொழியாகி, ‘தின்னவேலி சென்னா’ என்று பிற நாட்டு ஃபார்மகோப்பியாக்களிலும் இடம்பெற்றிருக்கிறது. நம் மண்ணின் பெயரைத் தாங்கிய மருந்தைப் பகுத்தறிய நம் ஊர்ப் பிள்ளைகள் முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதைவிட முக்கியமான காரணம், இந்தச் செடியைப் பற்றிய தரவுகள் தெளிவாக இருப்பதால், நீங்கள் செய்தது சரியா தவறா என்று உங்களாலேயே சோதித்துக்கொள்ள முடியும்.

நுண்ணோக்கியிலிருந்து தொடங்குங்கள். இலைத்துளைச் சுட்டெண் (இலையின் மேல்தோல் செல்களோடு சேர்த்து எண்ணினால் துளைகளின் விழுக்காடு) நம் நிலாவாரையில் 14 முதல் 20 வரை இருக்கும். சந்தையில் உள்ள மற்றொரு வகையான அலெக்சாந்திரியச் சென்னாவில் 10 முதல் 15 வரை. நரம்புத் தீவு எண் (ஒரு சதுர மில்லிமீட்டரில் நுண்நரம்புகள் சூழ்ந்த சிறு பரப்புகளின் எண்ணிக்கை) நம்முடையதில் 19.5 முதல் 22.5 வரை, அதில் 25 முதல் 29.5 வரை. இப்போது பல தாவரவியலார் இரண்டையும் ஒரே இனமாகவே கொள்கிறார்கள் என்றாலும், சரக்கு எங்கிருந்து வந்தது என்று அறிய இந்த எண்கள் இன்றும் உதவுகின்றன. நம் பக்கம் எங்கும் மண்டிக்கிடக்கும் ஆவாரை இலைதான் பாடநூல்கள் சொல்லும் பழைய கலப்படம். அதன் மீது 80 விழுக்காடு கந்தக அமிலம் பட்டால் செந்நிறம் தோன்றும், அதைக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது சாம்பல். உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட தொகுப்பின்படி இலையின் மொத்தச் சாம்பல் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் பகுதியில் தேரி மண்ணிலும் களத்திலும் உலர்த்தும்போது மணல் ஒட்டிக்கொள்வதால், அமிலத்தில் கரையாத சாம்பல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பலர் இந்தச் சோதனையைப் பழையது என்று ஒதுக்குகிறார்கள். ஒரு சரக்கு எப்படிப் பறிக்கப்பட்டது, எங்கே காய்ந்தது என்பதை இவ்வளவு குறைந்த செலவில் சொல்லும் சோதனை வேறொன்று எனக்குத் தெரியாது.

மருந்துப்பொருள் சென்னோசைடுகள். அவற்றில் ஏ, பி என்ற இரண்டையும் ஸ்டோல் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாரின் குழு 1941-இல் பிரித்தெடுத்தது. இவை இரட்டை ஆந்த்ரோன் கிளைக்கோசைடுகள் என்பதால் ஆந்த்ரகுவினோன்களைக் காரத்தில் தோன்றும் நிறத்தால் காட்டும் சாதாரண போர்ன்ட்ரேகர் சோதனையில் நேரடியாக நிறம் தராமல் ஏமாற்றும். ஃபெரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்து உடைத்த பிறகே நிறம் வரும். அளவிடும் முறையும் அதையே பின்பற்றுகிறது: நீரில் எடுத்த சாற்றிலிருந்து முதலில் தனி ஆந்த்ரகுவினோன்களைக் குளோரோஃபார்மால் நீக்கி, எஞ்சியதை அவ்வாறு உடைத்து, ஈதரில் வாங்கி, அதை ஆவியாக்கிய பின் எஞ்சியதை மெக்னீசியம் அசிடேட் கலந்த மெத்தனாலில் கரைத்து, 515 நானோமீட்டரில் படிக்க வேண்டும். சென்னோசைடு-பி கணக்கில் இலையில் 2.5 விழுக்காட்டுக்கும், நம் ஊர்க் காயில் 2.2 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது என்று அந்த 1999-ஆம் ஆண்டுத் தொகுப்பு வரையறுக்கிறது. ஈரமும் சூடும் பட்டால் இந்த அளவு இறங்கும். உங்கள் அப்பா கடையில் பழசு என்று ஒதுக்கும் இலையில் உண்மையிலேயே சென்னோசைடு குறைந்திருக்கிறதா என்பது, என்னைக் கேட்டால், மிக நல்ல ஆய்வுக் கேள்வி.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். நாம் அளப்பது சென்னோசைடு என்றாலும், பெருங்குடலில் வேலை செய்வது அதுவன்று. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்து ரெயின் ஆந்த்ரோன் ஆக்கிய பிறகே மலம் இளகுகிறது. எனவே விழுக்காடு அதிகமாக இருப்பதையே பலன் அதிகம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடக் கூடாது.

ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் கன உலோகங்களையும் பார்க்கிறோம். ஈயத்துக்கு 10, ஆர்செனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1, காட்மியத்துக்கு 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பவை ஆயுஷ் மருந்துகளுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்புகள். அது உங்கள் முதல் ஆய்வுக்குத் தேவைப்படாது.

நெல்லை மாணவி:

மூவருக்கும் நன்றி. நிலாவாரையையே எடுத்துக்கொள்ள முடிவு செய்கிறேன். எங்கள் கல்லூரியில் எச்.பி.எல்.சி. கருவி (உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திச் சேர்மங்களைப் பிரித்து அளப்பது) இல்லை, நிறமாலைமானியும் நுண்ணோக்கியும் சூளையும் இருக்கின்றன. இவற்றைக்கொண்டு செய்தால் ஆய்வேடு மதிக்கப்படுமா? அடுத்து முனைவர் ஆய்வுக்குப் பாபநாசம் மலைப் பக்கம் மூலிகை சேகரிக்கலாம் என்றும் ஒரு நினைப்பு உண்டு.

ஓய்வுபெற்ற ஃபார்மகோக்னசி ஆசிரியர்:

மதிக்கப்படும். நிறமாலைமானி முறையைச் சரியாகச் செய்து, ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்தால் எவ்வளவு மாறுகிறது, தெரிந்த அளவு சென்னோசைடைக் கலந்தால் அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பவற்றைக் காட்டினால், தேர்வாளர் கேட்கப் பெரிதாக ஒன்றும் இராது. தூய சென்னோசைடு மாதிரிப்பொருளை வாங்கும் செலவை மட்டும் துறையிடம் முன்கூட்டியே சொல்லிவை. சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் மெல்லடுக்குத் தகட்டுக்கு புரோப்பனால், எத்தில் அசிடேட், நீர், சிறிது அசிடிக் அமிலம் கலந்த கரைப்பான் போதும். அதைச் சாதாரண கண்ணாடித் தொட்டியிலேயே ஓட்டலாம்.

மலையைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும். பாபநாசத்துக்கு மேலே இருப்பது 1988-இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓர் இலையும் பறிக்கக் கூடாது; அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அங்குள்ள காணி என்ற பழங்குடி மக்களிடம் ஒரு மூலிகையைக் கேட்டறிந்து ஆய்வு செய்தால், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் படித்துவிட்டுப் போக வேண்டும். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைப் பாலோட்டிலுள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியபோது, வருவாயில் ஒரு பங்கு அவர்களுக்கே போகும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. அறிவைத் தந்தவர் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் மட்டும் நின்றுவிடலாகாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பவன்.

தூத்துக்குடித் தரக்கட்டுப்பாட்டு வேதியியலார்:

சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் உழவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒரே வயலில் ஒரே நாளில் பறித்த இலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிழலிலும் மறுபாதியை வெயிலிலும் நீங்களே உலர்த்திக்கொள்ளுங்கள். கடைச் சரக்கு மூன்றாவது மாதிரியாக இருக்கட்டும்; அது எந்த மாதம் கடைக்கு வந்தது என்பதை அப்பாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். உலர்ந்ததும் காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இருட்டில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.