மலை ஏறி ஏரிக்கு: மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே எழுத்துப் பாடம்

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். பெரியவளுக்கு 12 வயது, நடுப்பையனுக்கு 8, கடைக்குட்டிக்கு 5. மூவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். கணக்கை ஆளுக்கு ஏற்றபடி பிரித்துச் சொல்லித்தர முடிந்தது. பிழையில்லாமல் எழுதப் பழக்குவதில்தான் திணறிப்போனேன். ஆளுக்கொரு சொற்பட்டியல் போட்டேன். ஒருவருக்குச் சொல்லும்போது மற்ற இருவரும் சண்டை போடுவார்கள். காலைப்பொழுது அதிலேயே போய்விடும்.

எங்கள் வீட்டுப் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றுதான். மழையை என் மாமியார் 'மள' என்பார். காதால் கேட்டதை அப்படியே எழுதினால் பிள்ளைக்குத் தப்பு வரத்தானே செய்யும்? நடுப்பையன் முன்பு படித்த பள்ளியில் அவன் நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம். பென்சிலைத் தொட்டாலே அவனுக்குக் கை வியர்த்துவிடும்.

ஒருநாள் ஏற்காட்டுக்குப் போனோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். "மலை ஏறி ஏரிக்குப் போறோம்" என்றாள் பெரியவள். "ரெண்டுக்கும் ஒரே எழுத்தாக்கா?" என்று கேட்டான் தம்பி. அந்த ஒரு வரி போதும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

இப்போது நாளுக்கு ஒரே வாக்கியம்தான், மூவருக்கும் அதுவேதான். கடைக்குட்டி தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி, அதில் விரலால் 'ஏ' மட்டும் எழுதுவாள். நடுப்பையன் ஏறி, ஏரி இரண்டையும் எழுதுவான். பெரியவள் முழு வரியையும் எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். ஏரிக்கு இடையின ரகரம், ஏற்காட்டுக்கு வல்லின றகரம். இதைக் கண்ணால் பார்த்துத்தான் மனதில் வைக்க வேண்டும். தெருவில் கேட்கும் 'தறி'யும் அப்படித்தான்.

ல, ள, ழ வந்தால் எல்லாரும் வாயைத் திறந்து உட்கார்வோம். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். 'ள'வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு வளையும், ஆனால் தொடாது. இதில் வயது வித்தியாசமே இல்லை. கடைக்குட்டிக்கு 'ழ' முதலில் வந்துவிட்டது. நான் அவளை அண்ணன் எதிரில் பாராட்டிவிட்டேன். அவன் இரண்டு நாள் நோட்டைத் திறக்கவில்லை. அது என் தப்பு. இப்போது யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை. "இந்த வரியில ஒண்ணு இருக்கு, தேடுங்க" என்று மட்டும் சொல்வேன். அவரவர் பிழையை அவரவரே கண்டுபிடிப்பார்கள்.

ண, ந, ன மூன்றையும் பெரியவளே தம்பிக்குக் கற்றுக்கொடுத்தாள். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயரிலேயே விதி இருக்கிறது: வண்டி, பந்து, கன்று. சொல்லின் முதலில் வருவது 'ந' மட்டும்தான் என்றும் சொன்னாள். "அப்ப முந்நூறுல நடுவுல எப்படி வந்துச்சு?" என்று அவன் கேட்டான். மூன்றோடு நூறு சேர்ந்த சொல் என்று அவளே பிரித்துக் காட்டினாள். என்னிடம் படித்திருந்தால் அவனுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

பதில்:

அக்கா, நான் ஏற்காட்டுப் பக்கம் இருக்கிறேன். எங்களுக்கு இரண்டு பேர், 14, 7. பெரியவன் 'முயற்ச்சி' என்றே எழுதிக்கொண்டிருந்தான். ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது என்று சொல்லியும் நிற்கவில்லை. தங்கைக்குச் சொல் கொடுக்கும் வேலையை அவனிடம் விட்டேன். காட்சி, பயிற்சி, கற்பனை என்று அவனே தேடி எடுத்தான், தப்பு நின்றது. பிறகு அவள் சொல்ல, அவன் இடக்கையால் எழுத வேண்டும். வேகம் சரிசமம் ஆகிவிடும். போன வாரம் தோட்டத்தில் மிளகுக்கொடியைக் காட்டி "இதை எழுதுண்ணா" என்றாள். அவனுக்கு ஒரு நிமிடம் ஆனது.

பதில்:

இடக்கை விளையாட்டை நாளைக்கே வைத்துப் பார்க்கிறேன்மா. நாளைய சொல் மரவள்ளிக்கிழங்கு. ர, ள், ழ எல்லாம் அதிலேயே இருக்கின்றன. கடைக்குட்டிக்கு 'ம' போதும்.