மேஜர் சோம்நாத் சர்மா ஏன் மேகசின் நிரப்பினார்?

பாளை ஆசிரியை:
எட்டாம் வகுப்பில், போர்க்கள வீரத்துக்கான நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பற்றிப் பாடம் நடத்தினேன். அந்த விருதின் முதல் வீரரான மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காமில், இடது கையில் மாவுக்கட்டோடு போரிட்டு உயிர்விட்டதைச் சொன்னேன். கடைசி நிமிடங்களில் அவரே மேகசின்களில், அதாவது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டிகளில், தோட்டா நிரப்பிக் கொடுத்தார் என்றதும் ஒரு மாணவி எழுந்து, "கம்பெனி என்கிற படைப்பிரிவுக்கே தலைவர் ஆயிற்றே, அது அவர் வேலையா? உத்தரவு போட்டால் போதாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ராணுவத்தில் இருந்தவர்கள் விளக்க வேண்டும்.

வேலூர் ஹவில்தார் (ஓய்வு):
டீச்சர், நான் காலாட்படையில் இருந்தவன். தொடக்கத்தில் எல்.எம்.ஜி. என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கியில் இரண்டாம் நம்பர். முதல் நம்பர் சுடுவான். காலி மேகசினைக் கழற்றி நிறைந்ததை மாட்டுவது இரண்டாம் நம்பரின் வேலை. அன்று சர்மாவின் குமாவுன் ரெஜிமென்ட்காரர்களிடம் இருந்த எல்.எம்.ஜி. பிரென் துப்பாக்கி. முப்பது தோட்டா மேகசின். விசையைப் பிடித்தபடி இருந்தால் நான்கைந்து விநாடியில் காலி. இரண்டாம் நம்பர் அடிபட்டுவிட்டால், எவ்வளவு நல்ல சுடுநராக இருந்தாலும் துப்பாக்கி ஊமையாகிவிடும்.

பட்காமில் அதுதான் நடந்தது. ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் எதிரிகள், மூன்று பக்கமும் சூடு, ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். உத்தரவு போடலாம், யாருக்குப் போடுவது? சுடுகிறவனை எழுப்பினால் ஒரு துப்பாக்கி குறையும். சும்மா இருந்த கை அவருடையது ஒன்றுதான், அதிலும் பாதி.

அதற்கு முன் அவர் தலைவருக்குரியதையெல்லாம் செய்து முடித்திருந்தார். திறந்த வெளியில் ஓடி, கம்பெனியின் சிறு குழுவான ஒவ்வொரு செக்‌ஷனிடமும் போனார். நம் விமானங்களுக்கு இலக்கு தெரிய வேண்டும் என்று, எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணிப்பட்டைகளைத் தரையில் விரித்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. குண்டு பாயும்போது உடம்பு தானாகவே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து நின்று துணி விரிக்க அது சம்மதிக்காது.

திருச்சி வாசகர்:
ஹவில்தார் ஐயா சொன்னதோடு இதையும் மாணவிகளிடம் சொல்லுங்கள். பட்காமுக்கு அருகில்தான் ஸ்ரீநகர் விமானத்தளம். அக்டோபர் 27 முதல் நம் படைகள் டகோட்டா விமானங்களில் அங்குதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அது பறிபோயிருந்தால் அடுத்த விமானம் இறங்க இடமில்லை. கடைசியாக அவர் பிரிகேடு என்கிற மேல்நிலைப் படைத் தலைமைக்கு அனுப்பிய செய்தியில், எதிரி ஐம்பது கஜத்தில் இருக்கிறான், ஓர் அங்குலமும் பின்வாங்கமாட்டேன், கடைசி ஆள், கடைசித் தோட்டா வரை போரிடுவேன் என்றார். சற்று நேரத்தில் தோட்டாக் குவியலில் மார்ட்டர் குண்டு விழுந்து வெடித்தது. அப்போது அவருக்கு 24 வயது. அந்தக் கம்பெனி ஆறு மணி நேரம் தாக்குப்பிடித்ததால் ஸ்ரீநகருக்குக் கூடுதல் படை வந்து சேர முடிந்தது.

பாளை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். ஒரு கை மாவுக்கட்டில் இருக்கும்போது மேகசின் நிரப்ப முடியுமா? நாளை அவள் கட்டாயம் கேட்பாள்.

வேலூர் ஹவில்தார் (ஓய்வு):
முடியும், மிகவும் சிரமப்பட்டு. இரண்டு கையும் இருந்தாலே, கடைசிப் பத்துத் தோட்டாவை ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். கட்டைவிரல் நுனி மரத்துப்போகும். பழைய 303 தோட்டாவில் இன்னொரு தொல்லை. அடியில் விளிம்பு இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறினால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அவசரத்தில் அள்ளிப் போடுகிற வேலையே அல்ல. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் இதைச் சொல்லித்தான் சர்மாவின் பெயரை முதலில் எங்களுக்குச் சொன்னார்.

அன்று இரவு பாரக்கில், நாங்கள் தங்கும் கூடத்தில், இடது கையைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு, மேகசினை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, பயிற்சித் தோட்டாக்களை நிரப்பிப் பார்த்தேன். பதினொன்றாவது தோட்டாவில் மேகசின் நழுவி விழுந்தது. சுற்றிலும் எந்தச் சத்தமும் இல்லை, டீச்சர், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.