திரையில் முதிய பெண்கள்: உண்மையிலேயே மாற்றம் வந்துவிட்டதா?

செல்வராணி, பாம்பன்:
1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ஸ்ரீவித்யாவின் கணவராக வந்தவர் ரஜினிகாந்த். 1991-இல் ‘தளபதி’யில் அதே ஸ்ரீவித்யா, தம்மைவிட வயதில் மூத்த அந்த நடிகருக்கே தாயானார். இதைப் பார்த்த பிறகும், முதிய பெண்களைத் தமிழ்த் திரை மதிக்கத் தொடங்கிவிட்டது என்று தம்பி இப்ராஹிம் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இப்ராஹிம், தொண்டி:
அக்கா, நீங்கள் காட்டுவது பழைய கணக்கு. 2010-இல் வந்த ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் மகனுக்குப் பின்னால் நின்று அழுவதற்காக அந்தத் தாய் படைக்கப்படவில்லை. அந்த வேடத்துக்காகச் சரண்யா பொன்வண்ணன் தேசிய விருதும் பெற்றார். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆண்கள் அதட்டி ஆளும் வீட்டின் சொத்தில் நாற்பது விழுக்காடு அப்பத்தாவின் பெயரில் இருந்ததால், அந்த அதட்டலே அவர் முன் தடுமாறியதை எங்கள் தெருப் பெண்கள் எவ்வளவு ஆவலோடு பார்த்தார்கள் தெரியுமா?

செல்வராணி, பாம்பன்:
நானும் பார்த்தேன், தம்பி. ஆனால் அப்பத்தாவுக்குக் கிடைத்த மதிப்பு பத்திரத்தால் வந்தது. எங்கள் பக்கம் அறுபதைத் தொட்ட பெண்களும் சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அந்த வருமானத்தில் பிள்ளைகளைக் கரையேற்றியவர்களும், வனத்துறையோடு வாதாடுபவர்களும் அவர்களில் உண்டு. தொலைக்காட்சியிலோ அந்த வயதுப் பெண், கூடத்தில் அமர்ந்து மருமகளைக் கடிந்துகொள்வாள், அல்லது பூஜையறையில் கண்ணீர் விடுவாள். உழைத்துச் சம்பாதிக்கும் முதியவளைத் தொடராக எடுக்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

தமிழாசிரியர், கீழக்கரை:
நேற்றைவிட இன்று மேல் என்ற எண்ணமே எனக்கு ஐயமாக இருக்கிறது. 1953-இலேயே, கணவரோ மகனோ இல்லாமல் ஊர் ஊராக நடந்து, மன்னர்களுக்கும் அறிவுரை சொன்ன முதியவளைத் தலைப்புப் பாத்திரமாக்கி ‘ஔவையார்’ வந்தது. கே. பி. சுந்தராம்பாளை மக்கள் ஔவையாகவே கண்டார்கள். அதன்பின் அப்படித் தனித்து நிற்கும் கிழவியர் எத்தனை பேர்?

இப்ராஹிம், தொண்டி:
ஐயா, ஔவை திருமணத்தைத் தவிர்ப்பதற்காக முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றவர். அவரை வணங்கலாம், அவரிடம் நம் வீட்டுப் பாட்டியைக் காண முடியாது. 2017-இல் ‘ப. பாண்டி’யில் ரேவதி ஏற்ற பாத்திரமோ, தலை நரைத்த பிறகும் பழைய காதலை நினைத்துத் தயங்கவும் மகிழவும் உரிமையுள்ள பெண். நான் சொல்லும் மாற்றம் அதுதான்.

செல்வராணி, பாம்பன்:
அந்தப் பாத்திரம் எனக்கும் பிடித்தது, தம்பி. ஆனாலும் அந்தக் கதையில் வீட்டை விட்டு வண்டியேறித் தேடிப் போகிறவர் ராஜ்கிரண், ரேவதி தேடப்படுகிறவர். அதே வயதில் ஒரு பெண் தானே புறப்பட்டுப் போகும் படம் வரட்டும், உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.