சுரங்கச் சாலையில் ஒரு நிதி நடை: குடும்பத்தோடு சென்ற அனுபவம்

நிதி திரட்டுவதற்காக நடந்த நடைகளைப் பற்றி இந்த இணைய விவாத இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மலைப்பாதையிலோ கடற்கரையிலோ நடந்தவை. நாங்கள் நடந்தது ஆற்றுக்கு அடியில் செல்லும் ஒரு வாகனச் சுரங்கப்பாதையில். சிறு குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு அப்படி ஒரு நடைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண நாளில் அங்கே காலடி வைக்கவும் அனுமதி இல்லை. புதிதாகக் கட்டிய சுரங்கம் வண்டிகளுக்குத் திறக்கப்படுவதற்கு முன்போ, பராமரிப்புக்காகப் போக்குவரத்தை நிறுத்தும் நாளிலோதான் பொதுமக்களை நடக்க விடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது பராமரிப்பு நாள். இது இன்று நேற்று தொடங்கிய வழக்கமும் அன்று. ஹட்சன் ஆற்றின் அடியில் நியூயார்க்கையும் நியூ ஜெர்சியையும் இணைக்கும் ஹாலந்து சுரங்கத்தை 1927 நவம்பர் 12 மாலையில் திறந்தபோது, முதலில் மக்கள்தாம் நடந்தார்கள். நள்ளிரவு கடந்த பிறகே வாகனங்கள் அனுமதிக்கப்பட்டன. அதற்கும் முன்னால், 1843இல் லண்டனில் திறக்கப்பட்ட தேம்ஸ் சுரங்கம் வண்டிகளுக்காகத் திட்டமிடப்பட்டிருந்தும், வண்டிகள் இறங்குவதற்கான சாய்தளம் கட்டப் பணம் இல்லாமல் போகவே, தலைக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு நடந்து போகிறவர்களை மட்டும் விட்டார்கள். ஆற்றுக்குக் கீழே நடப்பதற்காகவே காசு கொடுத்துக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள் என்பதை எங்கள் மகளிடம் சொன்னபோது, "அப்போதும் வரிசையில் நின்றார்களா?" என்றுதான் கேட்டாள். நாங்கள் அப்போது வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தோம். எல்லாரையும் ஒரே நேரத்தில் விடாமல், சிறு சிறு குழுக்களாக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். எரிச்சலாக இருந்தாலும், உள்ளே போன பிறகு அதன் நியாயம் புரிந்தது.

நடை பற்றிய முதல் செய்தி சரிவு. ஆற்றடிச் சுரங்கம் சமதளமாக இருக்காது. இறங்கி, ஆற்றின் நடுவே ஆழத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். வழக்கமாகக் காரில் கடக்கும்போது இது எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. ஐரோப்பிய விதிகள் புதிய சுரங்கங்களில் சரிவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. எண்ணாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் அந்தச் சரிவு, குழந்தையை உட்காரவைத்த தள்ளுவண்டியோடு தொடர்ந்து ஏறும்போது முழங்கையில் தெரிகிறது. ஏற்றத்தைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்பட்டோம். ஆனால் முழங்கால் தேய்மானம் உள்ள என் அப்பாவுக்கு இறக்கம்தான் கடினமாக இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக இறங்கியவர், ஏற்றம் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டுத் தனியாகவே நடந்தார். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் ஊன்றுகோலை இறக்கத்துக்காகவே எடுத்துச் செல்லுங்கள். பாதியில் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பாதியில் திரும்பினால் திரும்பும் வழியும் ஏற்றம்தான். சுரங்கம் ஓரிடத்தில் வளைவதால் வெளிவாசல் நெடுநேரம் கண்ணில் படாது என்பதையும் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

ஆனால் அன்று எங்கள் குடும்பம் அதிக நேரம் நின்றது சுவரோரத்தில்தான். காரில் போகிறவருக்குச் சுரங்கம் என்பது இரண்டு விளக்கு வரிசைகள் மட்டுமே. நடந்து பார்த்தால், அந்தச் சுவரில் உள்ள பொருள்கள் பெரும்பாலும் நடப்பவருக்காகவே வைக்கப்பட்டவை என்று தெரிகிறது. அதாவது, ஏதோ ஒரு கெட்ட நாளில் வண்டியை விட்டு இறங்கி ஓட வேண்டியிருக்கும் மனிதருக்காக. பச்சை நிறப் பலகை ஒன்றில் ஓடும் மனித உருவம், அதன் இருபுறமும் அம்புக்குறி, ஒவ்வோர் அம்புக்குறியின் கீழும் ஓர் எண். அந்தத் திசையில் அடுத்த அவசர வழி எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதே அந்த எண். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஓர் எண் குறைந்தது, மற்றது கூடியது. இரண்டையும் கூட்டினால் ஒரே தொகை வருகிறது என்று என் மகள் கண்டுபிடித்து, அதன்பின் ஒவ்வொரு பலகையின் கீழும் நின்று சரிபார்க்கத் தொடங்கினாள். எங்கள் குழுவுக்குப் பின்னால் வந்த குழு எங்களைத் தாண்டிப் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அவசர வழியின் கதவு ஒன்றைத் திறந்து காட்டினார்கள். கதவு திறந்ததும் உள்ளிருந்து காற்று எங்கள் முகத்தை நோக்கி வீசியது. புகை உள்ளே புகாமல் இருப்பதற்காக அந்த இடைவழியில் காற்றழுத்தத்தை வேண்டுமென்றே கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்த பணியாளர் விளக்கினார். கதவுக்கு அப்பால் குறுகிய இடைவழி. அதைக் கடந்தால் எதிர்த்திசைப் போக்குவரத்துக்கான இன்னொரு குழாய், அதாவது பக்கத்திலேயே இணையாகச் செல்லும் தனிச் சுரங்க வழி. ஒரு குழாயில் தீப்பிடித்தால் மற்றொன்றே அடைக்கலம். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கம் ஒற்றைக் குழாய். அங்கே 1999இல் ஒரு சரக்கு லாரி தீப்பற்றியதில் 39 பேர் இறந்தார்கள். அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு வந்த 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி, அவசர வழிகள் தேவைப்படும் சுரங்கங்களில் அவற்றுக்கிடையே 500 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. புதிய சுரங்கங்களில் தொலைபேசியும் தீயணைப்பானும் உள்ள அவசர நிலையங்களை 150 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வைக்கச் சொல்கிறது. அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இத்தனை நாள் இதன் வழியாகப் போயிருக்கிறோம், இந்தக் கதவை ஒருவராவது பார்த்தோமா?" என்றார். விளக்குக் கோபுரங்கள், அலங்கார வளைவுகள் வைத்து இத்தகைய நடைகளைத் திருவிழா ஆக்குவதைவிட, இப்படி ஒரு கதவைத் திறந்து காட்டுவதே மேல் என்பது என் கருத்து.

ஒலி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வண்டிகள் ஓடும் நாளில், அவை ஓடும் வேகமே காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நெரிசலின்போதும் தீ விபத்தின்போதும்தான் கூரையில் தொங்கும் பெரிய விசிறிகளுக்கு முழு வேலை. அவற்றில் ஒன்றைச் சற்று நேரம் ஓடவிட்டுக் காட்டியபோது, வழியெல்லாம் கூச்சலிட்டு எதிரொலி கேட்டு மகிழ்ந்த எங்கள் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கி, விசிறி நின்ற பிறகும் ஓயவில்லை. ஒலிக்கு மிரளும் குழந்தைகள் இருந்தால் காதடைப்பான் கட்டாயம் வேண்டும்.

இன்னும் சில சிறு குறிப்புகள். சுரங்கத்துக்குள் கழிப்பறை கிடையாது. உள்ளே வெயிலும் இல்லை, மழையும் இல்லை என்றாலும் வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குக் குடை வேண்டும். சுவரில் கை வைத்தால் வண்டிப்புகையின் கரி ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் இருவரும் அதை முதல் சில அடிகளிலேயே நிரூபித்துவிட்டார்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். வாசல் பக்கத்தில் விளக்குகள் மிகப் பிரகாசமாகவும் உள்ளே போகப் போக மங்கலாகவும் இருக்கும். பகல் வெளிச்சத்திலிருந்து வரும் ஓட்டுநரின் கண் பழகுவதற்கான ஏற்பாடு அது. புகைப்படம் எடுக்க விரும்புபவர்கள் வாசல் பகுதியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, நடையின் நோக்கமான பணம். திரட்டிய நிதி நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் ஒரு நிலையத்துக்குப் போனது. நடப்பதை விட்டுவிட்டு நேரடியாகப் பணத்தைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கிறவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நான் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லும் உறவினர்கள், என் மகள் தாளும் பேனாவுமாகப் போய் நின்றபோது மறுக்காமல் பெயரையும் தருவதாகச் சொன்ன தொகையையும் எழுதினார்கள். தொகையை நடைக்கு முன்பே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நடந்து முடித்தபின் வசூலிப்பது நடப்பதைவிடக் கடினம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்களித்திருந்த என் சித்தப்பா, வாசலிலிருந்து வாசல்வரை உள்ள நீளத்துக்குத்தான் தருவேன், வெளியே உள்ள அணுகுசாலையெல்லாம் சுரங்கத்தில் சேராது என்று வாதிட்டார். மகள் தன் பலகைக் கணக்கை விரித்துவைத்து, சுரங்கத்தின் நீளத்தை அவருக்குக் கூட்டிக் காட்டினாள். அவர் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அணுகுசாலைக்கும் சேர்த்தே கொடுத்தார்.