ரஷ்ய 'சோரக்': நாற்பதுக்கு மட்டும் என்ன வந்தது?

பழஞ்சொல்: "ரஷ்ய மொழியில் நாற்பதைக் குறிக்கும் 'சோரக்' கிரேக்கச் சொல், கதை முடிந்தது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். யார் முடித்தது? இருபது 'த்வாத்சத்', முப்பது 'த்ரீத்சத்', ஐம்பது 'பித்தெஸ்யாத்': எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்கிறது. நாற்பதில் மட்டும் இல்லை. பல்கேரியர்கூட 'செதிரிதெசெத்', நாலு பத்து என்றுதான் சொல்கிறார். ரஷ்ய வணிகர்கள் சேபிள் தோலை (கீரி மாதிரி ஒரு விலங்கு) நாற்பது நாற்பதாகக் கட்டினார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் 'சோரக்'. சட்டைக்கு 'சரோச்கா', அதே வேர்தான்; சட்டையும் ஓர் உறைதானே. தோல் போட்ட உறையின் பெயரே எண்ணாகிவிட்டது.

கடலோடி: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கிரேக்கத்தில் நாற்பது 'சராந்தா'. இறந்தவருக்காக நாற்பது நாள் நடக்கும் தேவாலய வழிபாடு 'சரகவூஸ்த்', அதற்கும் வேர் கிரேக்கம். பாதிரியார் கீரித்தோலா எண்ணினார்?

பழஞ்சொல்: கீரி இல்லை. சேபிள்.

கடலோடி: கீரி மாதிரி என்று எழுதியது யார்?

குறுக்குசால்: ஒரு சந்தேகம். பேசுவது எண்ணின் பெயரா, கட்டின் பெயரா? 'டஜன்' எண்ணா, அளவா? அதை முதலில் வரையறுத்துவிட்டு...

பழஞ்சொல்: முதலில் அவர் சேபிள் என்று திருத்தட்டும். அப்புறம் வரையறை.

எண்சுவடி: நாற்பதை விடுங்கள், தொண்ணூறைப் பாருங்கள். ரஷ்யத்தில் 'திவிநோஸ்தா'. ஒன்பதும் நூறும் உள்ளேயே கேட்கிறது. நம் தொண்ணூறிலும் நூறு உண்டு!

பழஞ்சொல்: ஆரம்பித்துவிட்டாரய்யா! போன மாதம் ரஷ்ய 'ஸ்தோ' (நூறு) நம் 'சதம்' போட்ட குட்டி என்றவர் இவர். சதம் வடமொழி. அது ஸ்தோவுக்கு உறவு, தாய் இல்லை. லிதுவேனியரின் 'ஷிம்தஸ்' கூட அதே குடும்பம்தான்.

எண்சுவடி: குட்டி என்று நான் எழுதவே இல்லை. பழைய இழையைத் தோண்டிப் பாருங்கள்.

பழஞ்சொல்: தோண்டினேன். அழித்திருக்கிறீர்கள்.

கடலோடி: விஷயத்துக்கு வாருங்கள். மாஸ்கோவின் தேவாலயங்களை 'நாற்பது நாற்பதுகள்' என்பது ரஷ்ய வழக்கு. எண்ணியது கோயிலை, தோலை இல்லை.

பழஞ்சொல்: நாற்பது நாற்பதாக எண்ணினால் அது கட்டுக்கணக்கு! நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி. பழைய நார்ஸ் மொழியிலும் (வைக்கிங்குகள் பேசியது) சட்டை 'செர்க்ர்'. உறை, தோல், நாற்பது. இன்னும் எத்தனை முறை சொல்வது?

குறுக்குசால்: என் கேள்வி?

கடலோடி: நாற்பது முறை சொல்லுங்கள், ஒரு கீரிக்கட்டு சேரும்.

பழஞ்சொல்: சேபிள்!